சிக்கந்தர் சாகிபின் தாய் - அத்தியாயம் 6: பெயர் எழுதாத இடம்

சென்ற வாரம் ஜேம்ஸ் ஸ்கின்னரை, அதாவது நம் சிக்கந்தர் சாகிபை, உனியாரா களத்தில், குண்டடிபட்ட நிலையில் அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டோம். ஒரு வாரமாக அவர் அங்கேயே கிடக்கிறார். கரோல் பாக்கில் லிஃப்ட் இல்லாத என் வீட்டின் மூன்று மாடிகளையும் ஏறி வந்த ஒரு வாசகர், மூச்சு வாங்கிக்கொண்டே, "ஆள் பிழைச்சாரா, இல்லையா? அதை மட்டும் சொல்லிடுங்கோ, நான் போறேன்" என்றார். காபி கொடுத்து அனுப்பினேனே தவிர, வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

வருஷம் 1800. இடம் இன்றைய ராஜஸ்தானில் டோங்க் நகருக்கு அருகே. ஸ்கின்னருக்கு வயது இருபத்திரண்டு. சிந்தியாவின் படையில், பெரோன் என்ற பிரெஞ்சுத் தளபதியின் கீழ் சம்பளத்துக்குச் சண்டை போடுகிறவர். கரௌலி ராஜாவுக்கு உதவியாகப் போன இடத்தில் ராஜாவின் ஆட்களே கைவிட்டுவிட, உனியாரா ராஜாவின் குதிரைப்படை அவர்களைச் சுற்றி வளைத்துத் துவம்சம் செய்துவிட்டது.

இரவு முழுக்க நரிகள். பகலில் வெயில். பக்கத்திலேயே ஒரு சுபேதார் கிடந்தார். முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. ஈட்டி பாய்ந்த ஜமேதார் ஒருவரும் கிடந்தார். தண்ணீர், தண்ணீர் என்று முனகுகிற குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டே வந்தன. இதில் உயிர் பிழைத்தால் ஒரு மாதா கோயில் கட்டுகிறேன் என்று ஸ்கின்னர் வேண்டிக்கொண்டது அந்த இரவில்தான்.

இரண்டு இரவுகள் கழிந்தபின் வந்தார்கள் ஒரு கிழவனும் கிழவியும். தலையில் கூடை, கையில் தண்ணீர்ப் பானை. சமார் சாதியைச் சேர்ந்தவர்கள். கிழவி ஒவ்வொருவராகப் பார்த்து, சோள ரொட்டியில் ஒரு துண்டும் ஒரு வாய்த் தண்ணீரும் கொடுத்துக்கொண்டே வந்தாள். ஸ்கின்னர் வாங்கிக்கொண்டார். அவள் சுபேதாரிடம் போனாள். அவர் ராஜபுத்திரர். இன்னும் கொஞ்ச நேரத்தில் சாகப்போகிறவன் எதற்காகச் சாதியைக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று, கால் போன அந்த நிலையிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஸ்கின்னரின் தாயும் ராஜபுத்திரப் பெண் என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

ஆள் பிழைத்தார். குணமானதும் அந்தக் கிழவிக்கு ஆயிரம் ரூபாய் அனுப்பி, உன்னை என் தாயாகவே நினைக்கிறேன் என்று சொல்லச் சொன்னார். வேண்டுதலும் வீண்போகவில்லை. முப்பத்தாறு வருஷம் கழித்து, 1836 நவம்பர் 21 அன்று, தில்லி காஷ்மீரி கேட் அருகே செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்தைக் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் அர்ப்பணித்து வைத்தார். செலவு 95,000 ரூபாய்க்குப் பக்கம், எல்லாம் ஸ்கின்னரின் சொந்தப் பணம். கரோல் பாக் மெட்ரோவில் ஏறி, ராஜீவ் சௌக்கில் மஞ்சள் தடத்துக்கு மாறினால் அரை மணியில் போய் நிற்கலாம். பீடத்துக்கு எதிரே, தரையில் பதித்த பளிங்குப் பலகைக்கு அடியில் அவர் இருக்கிறார். வெளியே கம்பி வேலிக்குள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று ஸ்கின்னர் வம்சமே படுத்திருக்கிறது.

கதை இத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியவிடாமல் செய்தவன் ஒரு ஜெராக்ஸ் கடைப் பையன்.

*

அஜ்மல் கான் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் இருக்கிறது அந்தக் கடை. திங்கட்கிழமை கரோல் பாக் கடைகளுக்கு விடுமுறை. அன்றைக்கு நடைபாதைக்காரர்களின் ராஜ்ஜியம். அதனால் செவ்வாய்க்கிழமை போனேன். ஸ்கின்னரின் நினைவுக்குறிப்புகள் 1851-இல் லண்டனில் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. அதன் முதல் பக்கங்களைப் பென் டிரைவில் கொண்டுபோயிருந்தேன். கண்ணுக்கு எட்டுகிற அளவில் பெரிதாக அடித்துத் தரச் சொன்னேன்.

பையன் மெஷினிலிருந்து வந்த தாளை எடுத்து, நடுவில் இருந்த ஒரு சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அங்கிள்ஜி, இதுல போஜ்பூர்னு இருக்கே. அது எங்க ஜில்லா. நான் ஆரா."

சொன்னேன். இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பெரிய குதிரைப்படைத் தலைவர், அப்பா ஸ்காட்லாந்துக்காரர், அம்மா உங்கள் போஜ்பூர்ப் பக்கத்து ஜமீன்தார் மகள் என்று.

"மா கா நாம்?" என்றான்.

அம்மா பேர் என்ன? நான் தாளை வாங்கிப் பார்த்தேன். ஏற்கெனவே நாலைந்து முறை படித்த பக்கம்தான். அப்பா ஸ்காட்லாந்துக்காரர், கம்பெனி உத்தியோகம் என்று இருக்கிறது. அம்மா ராஜபுத்திரப் பெண் என்று இருக்கிறது. அவளுடைய அப்பா என்ன, ஊர் எந்தப் பக்கம், பிடிபட்டபோது வயது என்ன, எந்த ராஜாவின் யுத்தத்தில் பிடிபட்டாள் - எல்லாம் இருக்கிறது. பெயர் இல்லை.

கல்லாவில் இருந்த சர்தார்ஜி எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் குடும்பம் 1947-இல் ராவல்பிண்டியிலிருந்து வந்தது. "ஹரித்வார் போய்ப் பாருங்க" என்றார். "அங்கே எங்க பண்டா வெச்சிருக்கிற பஹியில எங்க பர்தாதா கையெழுத்தே இருக்கு. வீடு போச்சு, நிலம் போச்சு, பஹி போகலை." ஹரித்வார் பண்டாக்கள் என்ற தீர்த்தப் புரோகிதர்களின் அந்த நீளமான கணக்கேடுகளில், யாத்திரை வந்த குடும்பங்களின் வம்சவரிசை ஊர்வாரியாக, சாதிவாரியாகத் தலைமுறை தலைமுறையாகப் பதிவாகி வந்திருக்கிறது. பாகிஸ்தானுக்குப் போய்விட்ட ஊர்களின் பெயர்கள் இன்றும் அந்த ஏடுகளில் உயிரோடு இருக்கின்றன. நல்ல யோசனைதான். ஆனால் பெயரும் ஊரும் தெரிந்தால்தானே பண்டா ஏட்டை விரிப்பார்?

எனவே வேறு வழியில் போனேன். தாய்வழி அடைபட்டிருந்தால் தந்தைவழியில் நுழைவதுதான் வம்சம் தேடுகிறவர்களின் பழக்கம்.

*

தந்தை ஹெர்குலிஸ் ஸ்கின்னர். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் மான்ட்ரோஸ் என்ற துறைமுக நகரத்துக் குடும்பம். அவருடைய தந்தை அந்த நகரின் தலைவராக இருந்தவர். அந்தப் பதவிக்கு அங்கே ப்ரவோஸ்ட் என்று பெயர்.

வம்சம் தேடுகிறவனுக்கு ஸ்காட்லாந்து சொர்க்கம். 1553 முதல் 1854 வரை திருச்சபைகள் வைத்திருந்த ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் எடின்பரோவில் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. அதன்பின் 1855 ஜனவரி 1 முதல் அரசாங்கப் பதிவு. முதல் வருஷம் ஆர்வக்கோளாறில், ஒரு குழந்தை பிறந்தால் பெற்றோர் வயது, பிறந்த ஊர், கல்யாணம் நடந்த தேதி, இடம், முன்னால் பிறந்த பிள்ளைகள் எத்தனை என்று குடைந்து குடைந்து கேட்டுவிட்டார்கள். பதிவாளர்களுக்குக் கை ஒடிந்துவிட்டது. அடுத்த வருஷமே பாதிக் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். தன் பாட்டன் 1855-இல் பிறந்தோ இறந்தோ இருந்தால் இன்றைக்கும் ஸ்காட்லாந்துக்காரர் லாட்டரி விழுந்த மாதிரி குதிப்பார்.

இதையெல்லாம் விட என்னை நிறுத்திவைத்த விஷயம் ஒன்று உண்டு. ஸ்காட்லாந்துப் பெண் கல்யாணமானாலும் தன் பிறந்த வீட்டுப் பெயரை ஏட்டில் இழப்பதில்லை. குழந்தையின் ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் தாயின் பெயர், அவள் பிறந்த குடும்பப் பெயரோடு இருக்கும். கல்லறையில் கணவன் பெயரின் கீழே அவள் தன் சொந்தக் குடும்பப் பெயரோடு படுத்திருப்பாள். இறப்புப் பதிவில் இறந்தவரின் தந்தையோடு தாயையும், தாயின் கன்னிப் பெயரையும் கேட்பார்கள். இங்கிலாந்தில் அந்தக் காலத்து இறப்புச் சான்றிதழில் தாய் தந்தை பெயருக்கு இடமே கிடையாது. ஸ்காட்லாந்தில் மட்டும் இந்த வழக்கம். அதனால்தான் அங்கே தாய்வழியில் ஐந்து, ஆறு தலைமுறை ஏறிப் போவது சாதாரண விஷயம்.

பெயர் வைப்பதிலும் அவர்களுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. மூத்த பையனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயர். இரண்டாம் பையனுக்குத் தாயின் தகப்பன் பெயர். மூத்த பெண்ணுக்குத் தாயின் தாய் பெயர். நமக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. தாத்தாவின் பெயரை ஏற்பவன் என்பதால்தானே பெயரன் என்றோம், அதுவே பேரன் ஆயிற்று? திருநெல்வேலிக்காரருக்கு மான்ட்ரோஸ் பதிவேட்டைக் கொடுத்தால் ஒரே நாளில் குடும்பங்களைப் பிரித்துக் கோத்துக் கொடுத்துவிடுவார்.

ஹெர்குலிஸுக்கு மூன்று மகன்கள், மூன்று மகள்கள். மூத்தவன் டேவிட், கப்பலுக்குப் போனான். அடுத்தவர் நம் ஜேம்ஸ். கடைசி ராபர்ட். வழக்கப்படி பார்த்தால் மூத்தவனுடைய பெயர் மான்ட்ரோஸ் தாத்தாவின் பெயராக இருக்க வேண்டும். அந்த ஊர் ஏட்டில் தேட வேண்டிய முதல் பெயர் டேவிட் ஸ்கின்னர். ஆக, தகப்பன் வழியில் கதவு லேசாகத் திறந்துகொள்கிறது. ஆனால் இரண்டாம் மகனுக்குத் தாயின் தகப்பன் பெயர் என்ற இடத்தில் கதை முட்டி நிற்கிறது. போஜ்பூர் ஜமீன்தாரின் பெயர் நிச்சயமாக ஜேம்ஸ் இல்லை. மூத்த பெண்ணுக்கு ராஜபுத்திரப் பாட்டியின் பெயரை எந்தப் பாதிரியார் வைத்திருப்பார்?

*

இதே ஸ்காட்லாந்துக்காரர்கள் கப்பலேறி இந்தியாவுக்கு வந்ததும் என்ன ஆனார்கள் என்று பார்ப்போம்.

கம்பெனிப் பாதிரியார்கள் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றுக்கும் ஏடு வைத்திருந்தார்கள். வங்காளம், சென்னை, பம்பாய் என்று மூன்று மாகாணங்களிலும் அவற்றுக்கு நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அந்த நகல்கள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பெரும்பகுதியை இங்கே நம் வீட்டிலிருந்தே கணினியில் பார்த்துவிடலாம். ஓர் இரவு முழுக்கப் பார்த்தேன். சாய்வான, அழகான கையெழுத்து. குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், தகப்பனின் படைப்பிரிவு, பதவி. தாய் இருக்க வேண்டிய இடத்தில், பக்கத்துக்குப் பக்கம், ஒரே சொற்கள்: சுதேசிப் பெண். சில இடங்களில் அதுவும் கிடையாது. குழந்தைக்கு முன்னால் ‘இயற்கை மகன்’ என்று ஒரு அடைமொழி. கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் அன்று வைத்திருந்த நாகரிகமான பெயர் அது. கல்யாணத்துக்குள் பிறந்தவனெல்லாம் செயற்கை மகன் போலிருக்கிறது!

சொந்த ஊரில் தாயின் தகப்பன் வீட்டுப் பெயரைக்கூட விடாமல் எழுதியவன், கடல் தாண்டியதும் தாயின் பெயரையே எழுதவில்லை. இங்கே எழுத அவனுக்கு ஆள் இல்லாமல் போயிற்றா? மை தீர்ந்துவிட்டதா? படைப்பிரிவின் எண்ணை எழுத மட்டும் மை இருந்திருக்கிறது.

உயில்களில் கொஞ்சம் வெளிச்சம் உண்டு. 1780-களின் முற்பகுதியில் வங்காளத்தில் பதிவான ஐரோப்பியர் உயில்களில் மூன்றில் ஒன்று, வீட்டில் இருந்த இந்தியப் பெண்ணுக்கு ஏதாவது எழுதிவைக்கிறது. மாதம் இவ்வளவு ரூபாய், அந்த வீடு, இந்த நகை என்று. பணம் போய்ச் சேர வேண்டுமே, அதற்காகவாவது பெயரைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? 1830 வாக்கில் அது ஆறில் ஒன்றாகக் குறைகிறது. நூற்றாண்டின் நடுவில் அந்தப் பெண்கள் உயில்களிலிருந்து ஏறக்குறைய காணாமலே போகிறார்கள். வீடுகளிலிருந்து போனார்களா, காகிதத்திலிருந்து மட்டும் போனார்களா என்பது தனி ஆராய்ச்சி.

பெயரை மறைப்பதற்குக் காரணமும் இருந்தது. 1791-இல் கம்பெனி ஓர் உத்தரவு போட்டது: தாய் தகப்பனில் ஒருவர் இந்தியராக இருந்தால் கம்பெனியின் சிவில், ராணுவ, கடற்படை உத்தியோகம் கிடையாது. 1795-இல் இன்னும் இறுக்கி, ராணுவத்தில் அப்படிப்பட்டவர்கள் குழலூதலாம், மேளம் அடிக்கலாம், குதிரைக்கு லாடம் கட்டலாம், அவ்வளவுதான் என்றார்கள். தகப்பன் லெப்டினன்ட் கர்னல், மகன் மேளக்காரன். ஜேம்ஸ் ஸ்கின்னர் சிந்தியாவிடம் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் இந்த உத்தரவுதான். 1803-இல் மராட்டியர்களுக்கும் கம்பெனிக்கும் யுத்தம் மூண்டபோது, ஆங்கில ரத்தம் என்று சொல்லி மராட்டியப் பக்கம் வெளியே தள்ளியது. இந்திய ரத்தம் என்று சொல்லிக் கம்பெனிப் பக்கம் ஒழுங்கான பதவி தரவில்லை. நடுவில் நின்று மஞ்சள் அங்கிக் குதிரைப்படை ஒன்றைக் கட்டினார். ஸ்கின்னர்ஸ் ஹார்ஸ் என்ற பெயரில் இன்றும் இந்திய ராணுவத்தில் அந்தப் படைப்பிரிவு இருக்கிறது.

*

இங்கே என் கதையையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அந்தப் பக்கங்களை அடித்துவந்த வாரத்தில் அமாவாசை வந்தது. கூடத்தில் தெற்கே பார்த்து உட்கார்ந்து, எள்ளும் தண்ணீருமாக விட்டுக்கொண்டிருந்தேன். அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா. அம்மா, அப்பாவின் அம்மா, தாத்தாவின் அம்மா. பிறகு அம்மா வழி. நம் தர்ப்பணத்தில் பெண்களுக்கும் பெயர் சொல்லி மூன்று தலைமுறை உண்டு. கம்பெனிப் பாதிரியார் ஏட்டைவிட இது மேல் என்று மனதுக்குள் ஒரு சின்னப் பெருமை.

அம்மாவின் அம்மா வந்தாள், பெயர் சொன்னேன். அடுத்து, அம்மாவின் அப்பாவைப் பெற்றவள், சொன்னேன். அதற்கும் அடுத்து அவருடைய பாட்டி. அப்போதுதான் உறைத்தது. அம்மாவின் அம்மாவைப் பெற்றவள் எங்கே? மந்திரத்தில் அவளுக்கு இடமே இல்லை. தாய்வழி என்று ஆரம்பித்து, ஒரு படி ஏறியதும் தாத்தா வழியில் திரும்பிவிடுகிறது. ஊருக்கு போன் போட்டு, எண்பத்தாறு வயதுப் பெரியம்மாவிடம் கேட்டேன்.

"உங்க பாட்டி பேரு என்ன பெரியம்மா?"

"எந்தப் பாட்டிடா?"

"உங்கம்மாவோட அம்மா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அம்மாச்சின்னுதான்டா கூப்பிடுவோம். சுண்டைக்காய் வத்தல் போடுவா. பேரு... எல்லாரும் அம்மாச்சின்னுதான் கூப்பிடுவா."

பாதிரியாரை ரொம்பத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரிந்துகொண்டேன். இருந்தாலும் தேடலை விடவில்லை.

*

ஸ்கின்னர் தாயைப் பற்றிச் சொல்வதை உரசிப் பார்ப்போம். ஆவணம் சொல்கிறது என்பதாலேயே நம்பிவிடக் கூடாது. ஆவணமும் மனுஷன் எழுதியதுதான்.

ராஜா சேத் சிங்குடன் நடந்த யுத்தத்தில், பதினான்கு வயதில் அவள் கைதியானாள். அப்போது ஹெர்குலிஸ் கடைநிலை அதிகாரி. அவர் கையில் சிக்கியவளை அன்போடு நடத்தினார், ஆறு பிள்ளைகள் பிறந்தார்கள். மகன் எழுதியதன் சாரம் இவ்வளவுதான்.

சேத் சிங் காசி ராஜா. வாரன் ஹேஸ்டிங்ஸ் அவரிடம் மேலும் மேலும் பணம் கேட்டு நெருக்க, அவர் கம்பெனியை எதிர்த்துக் கிளம்பியது 1781 ஆகஸ்டில். கங்கைக்கரைக் கோட்டை ஜன்னலிலிருந்து தலைப்பாகைகளை முடிச்சுப் போட்டு அவர் இறங்கித் தப்பிய கதை காசியில் படகோட்டிகளுக்கெல்லாம் தெரியும்.

ஜேம்ஸ் ஸ்கின்னர் பிறந்தது 1778. அவருக்கு முன்னால் ஒரு டேவிட்.

கைதாவதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே அவள் இரண்டு பிள்ளை பெற்றிருக்கிறாள்!

ஒன்று, யுத்தம் தப்பு. இல்லை, பிறந்த வருஷம் தப்பு. ராணுவத்தில் சேர்ந்த தேதிகளோடெல்லாம் பொருந்துவதால் பிறந்த வருஷத்தை நான் அசைக்க மாட்டேன். யுத்தம்தான் தப்பாக இருக்க வேண்டும். கிழக்கே கங்கைக்கரை ஜமீன்தார்களோடு கம்பெனி எப்போதும் ஏதாவது ஒரு சில்லறைச் சண்டை போட்டுக்கொண்டேதான் இருந்தது. பெரிய யுத்தம் ஒன்றுதான் பிறகு எல்லோர் நினைவிலும் நின்றது. பெயர் தெரியாத சண்டைக்குப் பெயர் தெரிந்த யுத்தத்தை ஒட்டவைத்துவிடுவது எல்லாக் குடும்பங்களிலும் நடக்கிற காரியம். எங்கள் ஊரில் எல்லாத் தாத்தாக்களும் தாது வருஷப் பஞ்சத்தில்தான் பிறந்தார்கள்.

மகன் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. 1790-இல் அவருக்குப் பன்னிரண்டு வயது. தகப்பன் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பத் தீர்மானித்தார். தாய்க்கு அது பர்தாவை மீறிய காரியம். தன் பெண்கள் வீட்டுக்கு வெளியே அந்நியர் கண்ணில் படுவது குலத்துக்கு அவமானம் என்று நினைத்தாள். உயிரை விட்டுவிட்டாள். வேறொருவன் வீட்டில், வேறு மதத்தில், ஆறு பிள்ளைகளைப் பெற்றபிறகும் அவள் கடைசிவரை போஜ்பூர் ராஜபுத்திர வீட்டுப் பெண்ணாகவே இருந்திருக்கிறாள். பையன்கள் தர்மப் பள்ளிக்கும், பிறகு தலைக்கு மாதம் முப்பது ரூபாய் கொடுத்து விடுதிப் பள்ளிக்கும் போனார்கள். அந்த முப்பது ரூபாய் மகனுக்கு நினைவிருக்கிறது, எழுதியிருக்கிறார்.

தாயின் பெயரை மட்டும் எழுதவில்லை. மறந்திருப்பாரா? நான் நம்பவில்லை. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அம்மா பெயர் தெரியாமல் இருக்காது. உனியாராவில் ரொட்டி கொடுத்த கிழவியையும் தாய் என்றார். அவள் பெயரும் இல்லை. பெற்றவள் ஒருத்தி, பிழைக்க வைத்தவள் ஒருத்தி. இரண்டு இடத்திலும் அவர் பேனா தாண்டிப் போயிருக்கிறது.

வம்சவரிசை எழுதத் தெரியாதவரும் இல்லை அவர். 1825-இல் ஹான்சியில் இருந்துகொண்டு, வட இந்தியச் சாதிகள், தொழில்கள், சந்நியாசிகள் எல்லாரையும் பற்றிப் பாரசீகத்தில் ‘தஷ்ரீஹ்-உல்-அக்வாம்’ என்று ஒரு பெரிய ஏட்டைப் படங்களோடு தயாரித்தவர். 1830-இல் ‘தஸ்கிரத்-உல்-உமரா’ என்று இன்னொன்று. அதில் ராஜபுதனத்து, பஞ்சாபுச் சிற்றரசர் குடும்பங்களின் வரலாறுகள். யார் மகன் யார், யாருக்குப் பின் யார் என்று. இரண்டும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஊரில் உள்ள ராஜபுத்திரர் வம்சமெல்லாம் எழுதியவர், தனக்கு மிக நெருக்கமான ஒரு ராஜபுத்திரக் குடும்பத்தை எந்த ஏட்டிலும் சேர்க்கவில்லை.

அல்லது, எழுதினாரோ? யாராவது எடுத்துவிட்டார்களோ?

*

இந்தச் சந்தேகம் சும்மா வரவில்லை. ஸ்கின்னர் 1841 டிசம்பர் 4 அன்று ஹான்சியில் இறந்தார். புத்தகம் வந்தது பத்து வருஷம் கழித்து, 1851-இல். கையெழுத்துக் காகிதங்களைத் தொகுத்துச் செப்பனிட்டவர் வேறொருவர். முகப்புப் பக்கத்தில் பெயர் இருக்கிறது: ஜேம்ஸ் பெய்லி ஃப்ரேசர். அவரும் ஸ்காட்லாந்துக்காரர், இன்வெர்னஸ் அருகே ரீலிக் என்ற எஸ்டேட்டுக்குச் சொந்தக்காரர். இமயமலையையும் கல்கத்தாவையும் படமாக வரைந்து பேர் வாங்கியவர்.

ஃப்ரேசர் குடும்பத்துக்கும் தில்லிக்கும் தொடர்பு புதிதல்ல. இவருடைய தாத்தா, இன்னொரு ஜேம்ஸ் ஃப்ரேசர், சூரத்தில் கம்பெனி வேலை பார்த்துப் பாரசீக, சமஸ்கிருதச் சுவடிகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுபோனவர். நாதிர்ஷா தில்லியைச் சூறையாடிய மூன்றாவது வருஷமே, 1742-இல், நாதிர்ஷாவின் வரலாற்றை லண்டனில் அச்சிட்டுவிட்டார். பேரன்கள் ஐந்து பேர். ஐவருமே இந்தியாவுக்கு வந்தார்கள்.

அவர்களில் ஒருவர், வில்லியம் ஃப்ரேசர், தில்லியின் கமிஷனராக இருந்தார். ஸ்கின்னரின் உயிர்நண்பர், அவருடைய குதிரைப்படையில் இரண்டாவது இடத்தில் இருந்தவர். தேவாலயம் கட்டி முடிவதற்குள், 1835 மார்ச் 22 அன்று மாலை, ரிட்ஜ் குன்றில் இருந்த தன் வீட்டுக்குக் குதிரையில் திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வீடுதான் இன்றைய ஹிந்து ராவ் மருத்துவமனை வளாகத்தில் இருப்பது. நண்பனின் உடலைத் தன் தேவாலய முற்றத்துக்குக் கொண்டுவந்து, பளிங்கில் கல்லறை எழுப்பி, ஸ்கின்னர் தேம்பித் தேம்பி அழுதார் என்பார்கள். அந்தக் கொலை, தோல் வாளி, அதில் மிதந்த கிழிந்த கடிதம், தூக்கில் தொங்கிய நவாப் - எல்லாவற்றுக்கும் தனி அத்தியாயம் வருகிறது. இப்போதைக்கு ஒன்றே ஒன்றை மட்டும் கவனியுங்கள். வில்லியம் ஃப்ரேசருக்கும் இந்திய மனைவியர் உண்டு, பிள்ளைகளும் உண்டு. தில்லிக்கு வந்த பிரெஞ்சு விஞ்ஞானி ஒருவர் அந்த மனைவியரின் எண்ணிக்கையைப் பார்த்து மலைத்துப்போயிருக்கிறார்.

தம்பியின் அந்தரங்கம் அண்ணனுக்குத் தெரியும். அந்த அண்ணன் கையில்தான் ஸ்கின்னரின் தாயைப் பற்றிய காகிதமும் போய்ச் சேர்ந்தது. பெயர்களை விட்டுவிடுகிற குணம் அந்த வீட்டுக்கே உரியதோ என்று நான் ஏறக்குறைய முடிவுகட்டியிருந்தேன்.

அந்த முடிவு தவறு.

1979-இல், ஸ்காட்லாந்தில், ஃப்ரேசர் குடும்பத்தின் பழைய காகிதங்களைப் பிரித்தபோது உள்ளேயிருந்து ஓவியங்கள் வந்தன. ஒன்றிரண்டு இல்லை, தொண்ணூறுக்கும் மேல். 1815 முதல் நாலைந்து வருஷத்துக்குள், தில்லி ஓவியர்களைக் கொண்டு ஃப்ரேசர் சகோதரர்கள் வரையவைத்தவை. சிப்பாய்கள், குதிரை வியாபாரிகள், ஆட்டக்காரிகள், ஹரியானா கிராமத்து ஜனங்கள். ஒவ்வொரு முகமும் நேரே நம்மைப் பார்க்கிறது. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட ஆள். மறு வருஷமே லண்டனிலும் நியூயார்க்கிலும் ஏலம் போய், உலகம் முழுக்கச் சிதறிவிட்டன.

அவற்றில் ஒன்றின் பிரதியைப் போன செவ்வாய்க்கிழமை அதே ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனேன். வண்ணத்தில் அடிக்கச் சொன்னேன். மெஷின் நிதானமாக மேலிருந்து கீழே தாளைத் துப்பியது. முதலில் முக்காடு. பிறகு முகம். பிறகு அவளை ஒட்டினாற்போல ஒரு குழந்தை. ஆரா பையன் தாளை இரண்டு விரலால் தூக்கி, மை காயட்டும் என்று விசிறினான்.

"இவங்கதான் அந்தச் சிப்பாய் அம்மாவா, அங்கிள்ஜி?"

"இல்லப்பா. இது அவரோட சிநேகிதர் வீட்டுப் பொண்ணு. வில்லியம் ஃப்ரேசர் வீட்டுப் பொண்ணு."

"பேர் இருக்கா?"

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். படத்தோடு எழுத்து இருந்தது. இந்த முறை சுதேசிப் பெண் என்று இல்லை. ஊரின் பெயர் இருந்தது. அதற்கு முன்னால், தெளிவாக, அவள் பெயர்.

பையன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து அதை ஒரு முறை சத்தமாகப் படித்தான். கல்லாவிலிருந்து சர்தார்ஜி நிமிர்ந்தார். "இன்னொரு தடவை சொல்லு" என்றார். "அந்த ஊர்ப் பேரைச் சொல்லு. எனக்குத் தெரிஞ்ச ஊராச்சே!"

(தொடரும்)